துண்டு, தலைக்காசு, அரைப்பேர்: தோட்டக் கணக்கு பற்றி வாசகர் கேள்விகள்

இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆங்கிலேயர் காலத்துக் கூலிமுறை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம். கணக்குக் காட்டும் இடங்களில் “வைத்துக்கொள்வோம்” என்று வரும் எண்கள், முறை விளங்குவதற்காக நாங்கள் போட்டவை. மற்ற எண்களும் ஆண்டுகளும் சட்டங்களிலும் அரசாங்கப் பதிவுகளிலும் உள்ளவை.

இலங்கைக்குப் போனவர்களையும் ஃபிஜிக்குப் போனவர்களையும் ஒருசேர “ஒப்பந்தக் கூலிகள்” என்றே பாடநூல்கள் எழுதுகின்றன. இரண்டும் ஒன்றுதானா?
— கல்லூரி மாணவி, திருச்சி

ஒன்றல்ல. ஃபிஜி, தென்னாப்பிரிக்காவின் நட்டால், மொரீஷியஸ் போன்ற இடங்களுக்குப் போனவர் ஒப்பந்தத்தில் ரேகை வைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். ஃபிஜியில் அது ஐந்தாண்டு ஒப்பந்தம். அங்கே கப்பல்கள் 1879 முதல் 1916 வரை போயின; சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னிந்தியர்கள் போகத் தொடங்கியது 1903இல். கூலியும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது: அளந்துவிட்ட ஒரு நாள் வேலையை முடித்தால் ஆணுக்கு 12 பென்ஸ், பெண்ணுக்கு 9 பென்ஸ். சிக்கல் “முடித்தால்” என்ற சொல்லில் இருந்தது. அளவை நிர்ணயித்தவர் தோட்டத்து மேற்பார்வையாளர். கல்லும் வேரும் நிறைந்த நிலத்தில் அதே நீளத்துக்கு வரிசை அளந்துவிட்டால் மாலைக்குள் முடியாது, முழுக்கூலியும் கைக்கு வராது.

நட்டாலில் இன்னொரு தந்திரம். ஒப்பந்த மாதக் கூலி முதலாண்டு 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் புது ஒப்பந்தம் போடாமலும் தங்குகிறவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். உச்சக் கூலியான 14 ஷில்லிங்கை வைத்துப் பார்த்தாலும் நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். வரி கட்ட வழியில்லாதவர் மறுபடி ஒப்பந்தத்தில் ரேகை வைத்தார். சட்டத்தின் நோக்கமும் அதுதான். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது.

இலங்கைக்குப் போனவரிடம் ஐந்தாண்டுப் பத்திரம் எதுவும் கிடையாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தோட்டத் தொழிலாளி மாதத்துக்கு மாதம் தானாகப் புதுப்பிக்கப்படும் வேலைக்காரர். முன்னறிவிப்புக் கொடுத்து விலகிவிடலாம். முன்னறிவிப்பில்லாமல் போனால் அது குற்றம், சிறை உண்டு. சட்டத்தை மட்டும் படிப்பவருக்கு இவர் ஃபிஜிக்காரரைவிடச் சுதந்திரமானவராகத் தெரிவார். தோட்டத்துரைமாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கடன் தீராமல் விலக முடியாது, கடனோ தீருவதில்லை. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

“துண்டு” முறை என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் விளக்க முடியுமா? யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள்?
— வாசகர், கண்டி, வாசகர், புதுக்கோட்டை

தொடக்கத்திலிருந்தே சொல்ல வேண்டும். ஆள் தேவைப்படும் தோட்டம் கங்காணியிடம் (ஆள் கூட்டிவந்து அவர்களை மேய்க்கும் தலைவர்) முன்பணம் கொடுத்து அவரைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பும். அவர் போவது பெரும்பாலும் தன் சொந்த ஊருக்கோ பக்கத்து ஊர்களுக்கோ: திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்கள், புதுக்கோட்டைச் சமஸ்தானம். மழை பொய்த்த ஆண்டாக இருந்தால் அவருக்கு வேலை சுலபம். புறப்படச் சம்மதித்த குடும்பத்துக்கு ஊரில் இருக்கும் கடனை அடைக்க ஒரு தொகை, வழிச்செலவு, சோறு, துணிமணி, சட்டி பானை என்று எல்லாவற்றையும் கங்காணி செலவழித்து அவரவர் பேரில் எழுதிக்கொள்வார். ஆகவே கப்பலிலிருந்து இறங்கும்போதே, ஒரு கொழுந்துகூடக் கிள்ளாத கை கடன்பட்ட கையாகிவிடும்.

தோட்டத்துக் கணக்கில் இந்தத் தொகை முழுவதும் கங்காணியின் பெயரில் பற்று. கங்காணியின் கணக்கில் அது ஆட்களின் பெயரில் பிரிந்து கிடக்கும். முதல் கணக்கை துரை பார்க்கலாம். இரண்டாவது கணக்கைக் கங்காணியைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. பிற்பாடு நடந்த அத்தனை மோசடிக்கும் இந்த இடைவெளிதான் வாசல்.

இனி துண்டு. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடம் துண்டு கேட்பார். அது உண்மையிலேயே ஒரு துண்டுக் காகிதம். “இன்ன கங்காணியையும் அவருடைய இத்தனை ஆட்களையும், இவ்வளவு ரூபாய் செலுத்தப்பட்டதும் விடுவிப்பேன்” என்ற பொருளில் துரை எழுதிக் கையொப்பமிடுவார். தொகை, கங்காணி பேரில் இருக்கும் கடன். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்க் காட்டுவார். ஆள் தட்டுப்பாடுள்ள துரை அந்தத் தொகையைப் பழைய தோட்டத்துக்குச் செலுத்துவார். ஆட்கள் இடம் மாறுவார்கள்.

இதுவரை கடன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவே. ஆனால் கங்காணி சும்மா வரமாட்டார். “பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் 500 தருகிறார்கள்” என்பார். புதுத்துரை மேலதிகமாக ஒரு முன்பணம் கொடுப்பார். அதுவும் கடன்தான், துண்டுத்தொகையோடு சேர்த்துக் கங்காணி பேரில் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 ஆட்கள், மொத்தக் கடன் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 30 ரூபாய். ஆணுக்கு நாளுக்கு 33 சதம் (நூறு சதம் ஒரு ரூபாய்) கூலி என்றால் 91 நாள் உழைப்பு. புதுத்துரை 1,200ஐக் கட்டி, கங்காணி கையில் 600 கொடுக்கிறார். பற்று 1,800 ஆயிற்று, தலைக்கு 45 ரூபாய், 136 நாள். இரண்டாண்டு கழித்து இன்னொரு துரை. 1,800ஐக் கட்டி 700 கொடுக்கிறார். 2,500, தலைக்கு 62 ரூபாய் 50 சதம், 189 நாள். இந்த இரண்டு இடமாற்றத்திலும் தொழிலாளியின் கையில் ஒரு சதம் வரவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள்) இன்னொரு லயத்துக்கு நடந்ததற்கு, அவர் 98 நாள் உழைப்பைக் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறார்.

செத்துப்போனவரின் கடனும் ஓடிப்போனவரின் கடனும் என்னவாகும் என்றும் புதுக்கோட்டை வாசகர் கேட்டிருக்கிறார். தோட்டம் அதைத் தள்ளுபடி செய்யாது. கங்காணியின் பற்று அப்படியே நிற்கும். அவர் அதை மிச்சமுள்ளவர்கள் தலையில் பகிர்ந்து எழுதுவார், முதலில் செத்தவரின் மனைவி மக்கள் பேரில், பிறகு உறவினர் பேரில். காய்ச்சல் வந்து பத்துப் பேர் போன ஆண்டில் உயிரோடிருந்தவர்களின் கடன் கூடியது.

துரைமாருக்கு இது பிடித்திருந்ததா என்றால், இல்லை. 1900களில் ரப்பர் தோட்டங்கள் பெருகி ஆளுக்குப் போட்டி வந்தபோது துண்டுத்தொகை ஏறிக்கொண்டே போயிற்று. முதலீட்டில் பெரும்பங்கு திரும்பிவராத முன்பணமாகக் கிடக்கிறது என்று அவர்களே புலம்பினார்கள். ஆனால் ஒருவர் நிறுத்தினால் அவர் தோட்டத்துக்கு ஆள் வராது. தோட்டத்துரைமார் சங்கத்தில் கூடிக் கண்டித்துப் பேசியவர்களே மறுநாள் காலை அடுத்த தோட்டத்துக் கங்காணிக்குத் துண்டுப்பணம் கட்டினார்கள். பொல்லாத ஆட்களை ஒழித்துக்கட்ட வேண்டுமென்றால் துரையே துண்டு எழுதிக் கொடுத்து வாங்க ஆள் தேடச் சொல்வதும் உண்டு. இதை ஆள் விற்பனை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். வேறென்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தினமும் வேலை செய்தவருக்குக் கடன் ஏன் அடையவில்லை? குடும்பத்தில் மூன்று பேர் வேலைக்குப் போனார்களே.
— வாசகர், மதுரை

கூலி “பேர்” கணக்கில் ஓடியது. விடியுமுன் தப்புப் பறை அடித்ததும் பெரட்டுக்களத்தில் (ஆட்களைக் கூட்டி எண்ணும் இடம்) வந்து நின்று, வேலைக்குப் பிரிக்கப்பட்டு, மாலையில் கணக்கப்பிள்ளை செக்ரோலில் (வருகைப் பதிவேடு) குறித்தால் ஒரு பேர். பிந்தி வந்தால் அரைப்பேர். குறித்த இறாத்தல் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது) வெட்டியது சரியில்லை என்றால் அரைப்பேர், அல்லது பேரே இல்லை. அந்த நாள் பூராவும் மலையில்தான் நின்றிருப்பார்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இன்னொரு கழிவு. கூடைக்கு ஒரு எடை, மழைநாளில் ஈரத்துக்கு ஒரு எடை. அது எவ்வளவு என்பது தராசுக்காரர் வாயில்தான் இருந்தது. முற்றல் இலை கலந்தது என்று கூடையைக் கொட்டிப் பொறுக்கி எடுத்து அதையும் கழிப்பார்கள்.

ஒரு ஆணின் ஒரு மாதத்தைப் பார்ப்போம். 24 நாள் பெரட்டுக்குப் போனார், அதில் 3 நாள் அரைப்பேர் என்று வைத்துக்கொள்வோம். 21ம் ஒன்றரையும் சேர்த்து 22½ பேர். 33 சதப்படி 7 ரூபாய் 42 சதம். அரிசியைத் தோட்டமே இறக்குமதி செய்து வாராவாரம் அளந்து கொடுத்துக் கூலியில் கழித்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு புசல் அரிசிக்கு 4 ரூபாய் போகட்டும். மிச்சம் 3 ரூபாய் 42 சதம். மலைக்குளிருக்குக் கம்பளி கட்டாயம். அதையும் தோட்டமே கொடுத்துப் பற்றெழுதும். அதற்கு 50 சதம். சலவைக்காரர், நாவிதர், கோயில் என்று 40 சதம். 2 ரூபாய் 52 சதம் நிற்கிறது. இதில் கங்காணி கடன் வகையில் பிடித்தது போக வருவதுதான் உப்பு, மிளகாய், கருவாடு, வெற்றிலைக்கு. வேலை செய்யாத பிள்ளைகளும் தாய் தகப்பனும் சாப்பிடும் அரிசி இன்னும் கணக்கில் வரவே இல்லை. அந்த அரிசி கங்காணியின் கடையில் கடனுக்கு வாங்குவது.

மூன்று பேர் உழைத்தால் மூன்று பேர் பேரிலும் முன்பணம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே காலதாமதம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் ஒரு மாதக் கூலியை அந்த மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றது. தொழிலாளியைக் காக்க வந்த சட்டம் என்று அதைப் புகழ்வதுண்டு. மாசியில் உழைத்த கூலி சித்திரைக் கடைசியில் வந்தாலும் சட்டப்படி சரி என்று அதற்குப் பொருள். இரண்டு மாதக் கூலி எப்போதும் தோட்டத்தின் கையில். அந்த இரண்டு மாதமும் சாப்பிட வேண்டுமே, யாரிடம் கேட்பார்? கங்காணியிடம்தான். தோட்டம் தொழிலாளிக்கு வட்டியில்லாமல் கடன்பட்டிருந்தது, தொழிலாளி கங்காணிக்குக் கடன்பட்டிருந்தார்.

கங்காணிகள் எல்லாரையும் வில்லனாகவே காட்டுகிறீர்கள். என் முன்னோர் கங்காணி. ஊர்க்காரர்களைப் பஞ்சத்திலிருந்து மீட்டார் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள்.
— வாசகர், துறையூர்

குடும்பத்தில் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஊரில் அடிமையாகவோ பண்ணையாளாகவோ கிடந்தவருக்கு மலைக்குப் போனது வெளியேற ஒரு வழியாக இருந்தது. வழி காட்டியவர் உறவுக்காரராகவும் இருந்தார். தோட்டத்தில் கல்யாணம், கருமாதி, வம்பு வழக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான் பெரியவர்.

ஆனால் அவருக்கு வருமானம் வந்த வழிகளைப் பாருங்கள். தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ, தலைக்குச் சில சதம் தோட்டம் அவருக்குத் தரும். அதுதான் தலைக்காசு. காய்ச்சலோடு படுத்திருப்பவரை இழுத்துக்கொண்டு வர அவருக்கு அன்றாடம் ஒரு காரணம் இருந்தது. பிறகு கடை லாபம், கடன் வட்டி, துண்டில் வந்த மேல்பணம். பல தோட்டங்களில் கூலியே அவர் கை வழியாகத்தான் போயிற்று. துரை மொத்தமாகக் கொடுப்பார், இவர் பிரித்துக் கொடுப்பார்.

பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தார்கள். பத்திருபது பேரைக் கூட்டிவந்து அவர்களோடு சேர்ந்து வேலையும் செய்தவர்கள். இவர்களில் பலர் பெரிய கங்காணியிடம் கடன்பட்டே செத்தார்கள். உங்கள் முன்னோர் இரண்டில் எந்தக் கங்காணி என்பதைப் பொறுத்துக் கதை மாறும். ஊரில் அந்தக் காலத்தில் நிலம் வாங்கியிருந்தால், பத்திரத்தில் தேதியைப் பாருங்கள். 1905–1920க்குள் என்றால் துண்டுக்காலம்.

1921இல் துண்டு ஒழிந்தது என்கிறீர்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா?
— வாசகி, ஹட்டன்

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடைசெய்தது. வேலையை விட்டுப் போனதற்காகச் சிறையில் போடும் விதியும் அதோடு போயிற்று. இந்திய அரசு 1922 குடியகல்வுச் சட்டத்தின்படி ஒரு முகவரைக் கண்டியில் அமர்த்தியது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம்தான் அடிப்படையில் கை வைத்தது. குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கியது; மாதக் கூலியை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றது. பழைய 60 நாள் 10 நாளாயிற்று. கடைக் கடனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று மேலே சொன்ன கணக்கை வைத்தே பார்க்கலாம்.

1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி: மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. நடுப்பகுதியில் 52, 41, 31. தாழ்நிலத்தில் 50, 40, 30. பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு. ஏன் என்று அந்தக் காலத்து அதிகாரிகளைக் கேட்டால் பெண் குறைவாகச் சாப்பிடுவாள் என்பது போன்ற பதில்தான் வரும். தேயிலைத் தோட்டத்துக்குப் பணம் கொண்டுவரும் வேலை கொழுந்தெடுப்பது. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலிவான கூலி அந்த வேலைக்கே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை.

பிறகு உலகமந்தம் வந்தது. 1930களின் தொடக்கத்தில் சட்டப்படி நிர்ணயித்த கூலியையே சட்டப்படி வெட்டினார்கள். அரிசி விலை இறங்கிவிட்டது, ஆகவே கூலியும் இறங்கலாம் என்பது வாதம். தேயிலை விலை ஏறிய ஆண்டுகளில் இந்த வாதம் எதிர்த்திசையில் ஓடியதில்லை. குறைந்தபட்சக் கூலி அரிசியும் துணியும் என்ன விலை என்பதை வைத்துக் கணக்கிடப்பட்டது, லண்டன் ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போயிற்று என்பதை வைத்து அல்ல.

துண்டு போன இடத்தில் பற்றுச்சீட்டு வந்து உட்கார்ந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய தோட்டத்துத் துரை விடுவித்ததாக எழுதிக் கொடுக்கும் அந்தச் சீட்டு இல்லாத ஆளை அடுத்த தோட்டம் எடுக்காது. இருக்க விரும்புகிறவரை “பற்றுச்சீட்டு கிழித்து” விரட்டுவார்கள், போக விரும்புகிறவருக்குத் தராமல் இழுத்தடிப்பார்கள். 1931இல் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கட்டியபோது சங்கத்தில் சேர்ந்தவர்களை அடக்க முதலில் எடுத்த ஆயுதம் அதுதான். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்ததை ஹட்டன்காரருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மலாயாவிலும் கங்காணிமுறைதானே? அங்கே துண்டு இருந்ததா?
— வாசகர், கிள்ளான்

கங்காணி இருந்தார், இலங்கையில் போல் துண்டு வளரவில்லை. காரணம் 1907இல் அமைத்த தமிழர் குடியேற்ற நிதி. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தானே ஆள் கூட்டிவந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். வழிச்செலவு அதிலிருந்து போயிற்று. ஆகவே கப்பல் கூலி தொழிலாளியின் கடனில் ஏறவில்லை. தோட்டங்களுக்குள்ளே ஆளைக் கிளப்பிக்கொண்டு போகும் சண்டை அங்கேயும் நடந்தது. அங்கே கூலியை உறிஞ்சியது இன்னொரு வாய்: தோட்டத்துக் கள்ளுக்கடை. 1930களின் மந்தத்தில் வேலை போனவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரப்பர் விலை ஏறியதும் மறுபடி கங்காணியை அனுப்பினார்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து இலங்கைக்குப் போனார் என்று கண்டுபிடிக்க முடியுமா? நாங்கள் 1970களில் திரும்பி வந்த குடும்பம்.
— வாசகர், கூடலூர்

ஃபிஜிக்கோ நட்டாலுக்கோ போனவராக இருந்தால் சுலபம். அங்கே ஆளுக்கொரு பதிவு உண்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம்வரை. இலங்கைக்கு ஒப்பந்தம் கிடையாது என்பதால் அந்த மாதிரிப் பதிவும் கிடையாது. பின்னோக்கித்தான் போக வேண்டும்.

முதலில் வீட்டில் தேடுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி (மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட இலங்கை–இந்திய ஒப்பந்தம்) வந்தவர்களுக்குக் கொடுத்த இந்தியக் கடவுச்சீட்டும், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் பெரியவர்களின் பெட்டியில் இருக்கும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் இந்தியாவிலுள்ள பூர்விக ஊரைக் கேட்டிருப்பார்கள். பலர் உண்மையான கிராமத்தை எழுதினார்கள். சிலர் கங்காணியின் ஊரையே தங்கள் ஊராக எழுதிவிட்டார்கள், எழுதிக் கொடுத்தவர் தோட்டத்துக் கிளார்க் என்பதால். ஆகவே ஒரே ஊர்ப் பெயரைத் தோட்டம் முழுக்கச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து 1949 இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் தாத்தா விண்ணப்பித்திருந்தால் அதன் நகல். இலங்கையில் எத்தனை ஆண்டு தொடர்ந்து இருந்தார் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்ததால் வேலை செய்த தோட்டங்களை வரிசையாக எழுதியிருப்பார்கள். தோட்டம் தெரிந்தால், அந்தப் பிரிவின் பதிவாளர் அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று தோட்டங்கள் இருப்பதுண்டு. தாத்தாவின் பெயரையும் மூன்று நான்கு விதமாக எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க்குக்கு முனியாண்டியும் முனியனும் ஒன்றுதான்.

வட்டமான ஒரு சின்னத் தகர வில்லை (தகடு), எண்கள் அடித்து, ஓட்டையிட்டு நூல் கோத்த மாதிரி எங்காவது கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1900களின் தொடக்கத்திலிருந்து வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவதற்காக ஆட்களுக்குக் கொடுத்த தகர வில்லை அது. அதில் உள்ள எண் எந்தத் தோட்டத்துக்கு அவர் அனுப்பப்பட்டார் என்பதைக் குறிக்கும். புளிபோட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி வைத்துப் படம் எடுங்கள், எண் தெரியும்.